வேலை பழகப் போகும் பிள்ளைகளுக்கு

பங்குனி முடிவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு பிள்ளை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தும் உட்காராமலும் கேட்கும்: "ஐயா, காலேஜ்ல இன்டர்ன்ஷிப் போகணும்னு சொல்லிட்டாங்க. எங்க போறது?" காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் நான் வீடு கட்டி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வருஷம் தவறியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறையில் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், எனக்கு எல்லாக் கம்பெனியிலும் ஆள் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு. தெரியாது. தெரிந்ததை எழுதிவைக்கிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான். முதலில் வருவது பெரிது, கடைசியில் வருவது சிறிது என்ற கணக்கெல்லாம் இல்லை.

1. எதற்குப் போகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். நம் கல்லூரிகளில் நாலு சமாசாரத்தை ஒரே வாயால் சொல்கிறார்கள். 'ஐ.வி.' என்பது பஸ் பிடித்துப் போய் ஒரு நாள் சுற்றிப்பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் எங்காவது இறங்கி போட்டோ எடுத்துக்கொள்வது. 'இன்பிளான்ட்' என்பது ஐந்து நாளோ பத்து நாளோ தொழிற்சாலைக்குள் ஓரமாக நிற்பது. இன்டர்ன்ஷிப் என்றால் நாலு வாரத்திலிருந்து இரண்டு மாதம். கையில் ஒரு வேலை, கேள்வி கேட்க மேலே ஒரு ஆள். அப்ரண்டிஸ் இது எதிலும் சேராது. அது 1961-ம் வருஷச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டு போவது. உன்னைப் போன்றவர்களுக்கு டிப்ளமோவோ டிகிரியோ முடித்த பிறகுதான் அது. பிரதமர் பெயரில் 2024 அக்டோபரில் ஒரு இன்டர்ன்ஷிப் திட்டம் வந்ததும் பத்துப் பேர் வந்து கேட்டீர்கள். ஆரம்பித்தபோது போட்ட விதியைப் படித்துப் பார்த்தேன்: வயது 21 முதல் 24, பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இடமில்லை. பெயரில் இன்டர்ன்ஷிப் என்று இருந்தாலும் இரண்டாம் வருஷம் படிக்கிறவனின் கோடை விடுமுறைக்கு அது பொருந்தாது. எந்தத் திட்டமானாலும் தகுதி என்ற பத்தியை முதலில் படி. உதவித்தொகை என்ற பத்தி ஓடிப்போகாது.

2. போர்டு பெரிதா என்று பார்க்காதே, வேலை நடக்கிறதா என்று பார். "நம்ம பக்கம் கம்பெனியே இல்லையே ஐயா" என்று சொல்லாத பிள்ளை கிடையாது. பாதி உண்மை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பட்டறை 1928-ல் பொன்மலைக்குப் போனது. அதற்கு ஈடாக இரும்பைத் தொட்டு வேலை பழகும் இடம் இந்தக் கரையில் அப்புறம் வரவேயில்லை என்பது என் பழைய ஆதங்கம். ஆனால் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. இருக்கிறது. வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. கிடைத்தால் போ. எந்த ஊரிலும் பெரிய இடத்தில் கேட் பாஸுக்கு ஒரு வாரம், பாதுகாப்பு வகுப்புக்கு ஒரு நாள், மிச்ச நாளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று போய்விடக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு போ. நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் மூன்றாவது நாள் உன் கையில் ஸ்பேனர் இருக்கும்.

இன்னொன்று கண்ணெதிரே இருக்கிறது. திருவேட்டக்குடியில், நம் கொம்யூனுக்குள்ளேயே, என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே படிக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள் மே மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் போன பிறகு ஆய்வகத்தில் பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவரும் இருப்பார்கள். நம் ஊர்ப் பாலிடெக்னிக் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த கேட்டுக்குள் போய் "கோடையில் வந்து உதவி செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்? என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு இடம் கிடைத்தது.

3. தடைக்காலத்தைப் பயன்படுத்து. இதைச் சொல்லத்தான் காகிதத்தையே எடுத்தேன்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காக வைத்த தடை. அது அப்படியே உன் கோடை விடுமுறையோடு வந்து பொருந்துகிறது. கடலுக்குப் போகாத படகு சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் மிச்சப் பத்து மாதமும் தள்ளிப்போட்ட மராமத்து அத்தனையும் இந்த இரண்டு மாதத்தில் நடக்கும். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்கு மே மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார். படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் ஃபைபர் ஒட்டும் வேலை. பிசினில் கெட்டியாக்கும் மருந்தை எவ்வளவு விடுவது என்பதை அன்றைய வெயிலைப் பார்த்து முடிவு செய்யும் ஆள் இருப்பார், அவரிடம் உன் வேதியியல் புத்தகத்தைக் கொடுத்தால் சிரிப்பார். மரப்படகில் பலகை இடுக்கில் கலப்பத்து அடைப்பார்கள். இன்னொரு பக்கம் என்ஜினை முழுசாகப் பிரித்து, சாக்கு விரித்து, அதன்மேல் பிஸ்டனும் ரிங்கும் வால்வும் வரிசையாக வைத்திருக்கும்.

மெக்கானிக்கல் படிக்கிறவனே, மூன்று வருஷமாகப் படத்தில் குறுக்குவெட்டாகப் பார்த்த பொருள் உன் முன்னால் பிரித்துக் கிடக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் என்ஜின் கண்காட்சிக்கு வைத்தது. அது தேய்ந்ததும் இல்லை, உப்புத் தண்ணீரைக் கண்டதும் இல்லை. இங்கே தேய்மானம் என்றால் என்ன என்று விரல் நகத்தால் தடவித் தெரிந்துகொள்ளலாம். லைனரின் மேல்விளிம்பில் ஒரு படி நகத்தில் தட்டும். அந்தப் படி ஏன் அங்கே மட்டும் வருகிறது, அடியில் ஏன் வருவதில்லை என்று யோசி. மேல் ரிங் எதுவரை ஏறும் என்று பார்த்தால் விடை கிடைக்கும். புரொப்பெல்லர் தண்டையும் கியர்பாக்ஸையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்த மேஸ்திரி ஃபீலர் கேஜை நாலு பக்கமும் விட்டுப் பார்ப்பார். படகு கரையில் இருக்கும்போது சரியாக இருந்த நேர்கோடு தண்ணீரில் இறக்கியதும் மாறிவிடும். அதனால் மிதக்கவிட்ட பிறகு மறுபடி பார்ப்பார். இதை எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள்.

புகையைப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலமாக வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கையோ வால்வு கைடையோ பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

எப்படிப் போய்க் கேட்பது? படகு உரிமையாளரிடம் கேட்காதே. அவர் செலவுக் கவலையில் இருப்பார். என்ஜின் மேஸ்திரியிடம் கேள். முதல் நாளே சான்றிதழ் பேச்சை எடுக்காதே. "அண்ணே, ஒரு மாசம் கூட நிக்கிறேன், கழுவுற வேலையெல்லாம் நான் பாக்கிறேன்" என்று சொல். டீசலில் நட்டு போல்ட்டைக் கழுவும் வேலைக்கு அவருக்கு எப்போதும் ஆள் தேவை. கல்லூரிக்குக் காகிதம் வேண்டுமென்றால் மேஸ்திரி லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்க மாட்டார், அவரிடம் லெட்டர்பேடே இருக்காது. முன்கூட்டியே உன் ஹெச்.ஓ.டி.யிடம் பேசி, அவர் வந்து ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுக்கொள். சில பேர் வருவார்கள். வர மறுத்தால் வேறு இடத்தில் காகிதத்துக்கான பத்து நாளை முடித்துவிட்டு, மிச்ச நாளுக்கு இங்கே வா.

ஒரே ஒரு எச்சரிக்கை. மீன் அடுக்கும் அடியறைக்குள் தனியாக இறங்காதே. மூடிக் கிடந்த அறையில் மீன் கழிவு அழுகி விஷவாயு நிற்கும். இறங்கியவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து விழுவான். மூடியைத் திறந்து காற்றாடவிட்டு, மேலே ஆள் நிற்கும்போது மட்டும்.

4. மற்றப் படிப்புக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது.

வணிகவியல் படிக்கிறவர்கள் ஆடிட்டர் ஆபீசுக்குப் போங்கள். மாதம் 11-ம் தேதிக்கு முந்தின மூன்று நாளும், 20-ம் தேதிக்கு முந்தின மூன்று நாளும் கட்டாயம் அங்கே இருங்கள். ஒன்று விற்பனை விவரம் தாக்கல் செய்யும் கெடு, மற்றது வரி கட்டும் கெடு. அந்த ஆறு நாளில் ஜி.எஸ்.டி. படிப்பது போல் ஆறு மாதம் வகுப்பில் படிக்க முடியாது. மே 31 டி.டி.எஸ். கடைசிக் காலாண்டின் கெடு; அன்றைக்கு டீ வாங்கிக் கொடுக்கும் வேலையே கிடைத்தாலும் போ.

விவசாயக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் படிப்பிலேயே கிராமத்தில் போய்த் தங்கும் பருவம் ஒன்றை வைத்துவிட்டார்கள். மற்ற எல்லாப் படிப்பிலும் அப்படி வைத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. நீங்கள் கூடுதலாகச் செய்யக்கூடியது ஒன்றே: மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வந்த பிறகு எல்லாரும் பார்ப்பார்கள். வருமா வராதா என்று தெரியாத பத்து நாளில் விவசாயி விதை வாங்குவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுக்கிறார் என்பதுதான் படிப்பு.

வரலாறு, தமிழ் படிக்கிறவர்கள் வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஓலைச்சுவடியும் கோயில் புகைப்படமும் அங்கே குவிந்து கிடக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள்தான் இப்போது அதிகம், ஏமாறுவதும் நீங்கள்தான். வீட்டில் இருந்தபடியே ஒரு மாதம், நாலு 'டாஸ்க்', அதில் ஒன்று கால்குலேட்டர் எழுதுவது, முடிவில் தங்கப் பார்டர் போட்ட சான்றிதழ். அதே நாலு டாஸ்க்கைப் பல ஆயிரம் பேர் செய்திருக்கிறார்கள். அதற்கு விடையும் வலையில் கிடக்கிறது. அதைவிட, கூகுள் 2005-லிருந்து நடத்தும் 'சம்மர் ஆஃப் கோடு' மாதிரி, திறந்த மூல மென்பொருளில் உண்மையான பிழையைத் திருத்தும் வேலைக்கு முயற்சி செய். கடினம்தான். அது முடியாவிட்டால் நம் கடைத்தெருவில் உள்ள உரக்கடையில் போய் உட்கார். இருப்புக் கணக்கை அவர் எந்த நோட்டில், எந்தக் குறியில் எழுதுகிறார் என்று பத்து நாள் பார்த்துவிட்டு, பதினோராவது நாள் கம்ப்யூட்டரைத் திற. முதல் நாளே திறந்தவன் எழுதிய புரோகிராம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதில் கடன் என்ற பத்தியே இல்லை.

5. கோடைக்கு விண்ணப்பம் போடுவது மழைக்காலத்தில். இது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை. அதற்கு அறிவிப்பு வருவதும் கெடு முடிவதும் ஐப்பசி கார்த்திகையை ஒட்டித்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டத்துக்கு மாசி பங்குனியில் கண் வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் என் திண்ணைக்கு வந்தால் இவை இரண்டும் கைவிட்டுப் போயிருக்கும்.

நம் கரையில் இதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கெடுவும் புயலும் ஒரே மாதத்தில் வரும். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது எனக்குத் தெரிந்த ஒரு பாப்பா, கரண்ட் இல்லாமல் போனும் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை விட்டுவிட்டது. ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் உட்பட எல்லாம் தயாராக இருந்தது, கடைசி நாள் அனுப்பலாம் என்று வைத்திருந்தது. தீபாவளிக்குள் அனுப்பிவிடுங்கள்.

6. கடிதம் எழுதக் கற்றுக்கொள். ஒரே மின்னஞ்சலை அறுபது பேராசிரியருக்கு, அறுபது முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பி, "உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று எழுதினால், அறுபது பேரில் ஒருவரும் நம்ப மாட்டார்.

கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். ராமானுஜன் 1910-ல் வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். ராமசாமி ஐயர் கணிதச் சங்கம் தொடங்கியவர். ராமானுஜனிடம் காட்ட டிகிரி கிடையாது. கணக்கு எழுதிய நோட்டு இருந்தது. அதைத்தான் காட்டினார். அது ஆள் ஆளாகக் கைமாறி, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை வரை கொண்டுவந்தது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் அதே வழி: நான் இன்ன வேலையில் இருக்கிறவன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கூடவே சுமார் 120 தேற்றங்களை வைத்து அனுப்பினார். அதற்கு முன் அங்கே இரண்டு பேருக்கு எழுதி உருப்படியான பதில் வரவில்லை. மூன்றாவது ஆளிடம் வந்தது.

நீ ராமானுஜன் இல்லை, நானும் இல்லை. ஆனால் வழி பொதுவானது. ஒரு ஆளுக்கு ஒரு கடிதம். அவர் செய்த வேலையில் எதைப் படித்தாய், அதில் எது புரியவில்லை என்று இரண்டு வரி. நீ செய்த ஏதாவது ஒன்று, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, படமோ நிரலோ கணக்கோ கூட இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். தங்குவதற்கு நீயே பார்த்துக்கொள்வாயா. அவ்வளவுதான், அரைப் பக்கத்தைத் தாண்டாதே. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டு. அதற்கு மேல் விட்டுவிடு, அடுத்த ஆளுக்கு எழுது.

7. சான்றிதழுக்குக் காசு கேட்கும் இடத்துக்குப் போகாதே. 'பதிவுக் கட்டணம்', 'கிட் கட்டணம்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது கடை, பட்டறை இல்லை. ஐந்து நாளுக்குக் காசு கட்டி, இரண்டு நாள் போய், ஒரு மாதம் வந்ததாகக் காகிதம் வாங்கி வந்த பிள்ளையை வேலைக்கான நேர்காணலில் "என்ன செய்தாய்?" என்று கேட்டார்களாம். அவன் காகிதத்தில் இருந்ததைப் படித்தான்.

8. காசு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசு. நம் ஊரில் பாதி வீட்டில் பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கும். அவர்கள் வாயில் 'ஸ்தாழ்' என்ற சொல்லைக் கேட்டிருப்பாய், இதே இன்டர்ன்ஷிப்தான். அங்கே நம் ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான வகுப்பில் படிக்கும்போதே, பதினாலு வயதில், ஒரு வாரம் ரொட்டிக் கடையிலோ மருந்துக் கடையிலோ அலுவலகத்திலோ போய் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கல்லூரி வயதில் போகும்போது மாணவர், கல்லூரி, வேலை கொடுப்பவர் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம். இதைக் கேட்டு நான் பொறாமைப்பட்டது உண்டு.

இங்கே அப்படி இல்லை. ஆனால் போகும் முன்பே மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்கலாம்: எத்தனை நாள், தினம் எத்தனை மணி, போக்குவரத்துச் செலவும் மத்தியானச் சாப்பாடும் தருவார்களா. என் கருத்து இது: கழுவுகிறாய், பார்க்கிறாய், கேட்கிறாய் என்றால் சம்பளம் எதிர்பார்க்காதே, அவர்கள்தான் உனக்கு நேரம் கொடுக்கிறார்கள். வராத ஆளின் இடத்தில் உன்னை நிறுத்தி முழு ஷிப்ட் வாங்குகிறார்கள் என்றால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. அப்போது கூலி கேள். கொடுக்காவிட்டால் நின்றுவிடு. சென்னையில் ஹாஸ்டலுக்குக் கட்ட அப்பா வட்டிக்கு வாங்கப் போகிறார் என்றால் சென்னையே வேண்டாம்; எண் 3-ஐ மறுபடி படி.

9. முதல் பத்து நாள் உன்னை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் திருச்சிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனபோது எனக்குக் கொடுத்த வேலை, லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி டின்னில் அள்ளுவது. டிப்ளமோ படிக்கிறவனைக் கூட்ட விடுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். பத்தாம் நாள் ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்று, "இன்னைக்கு வந்த சுருளு என்ன நிறம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பத்து நாளாக அள்ளியிருக்கிறேன், நிறத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தேன். ஒரு மிஷினில் வெள்ளையாக, ஒன்றில் வைக்கோல் நிறமாக, ஒன்றில் நீலம் பாரித்து விழுந்தது. அந்தக் காலத்து ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் நீலச் சுருள் வந்தால் வேகம் அதிகம், முனை சீக்கிரம் போய்விடும் என்று அர்த்தம். கூட்டுகிறவனுக்கு மட்டும்தான் எல்லா மிஷினுடைய சுருளும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். மிஷினில் நிற்கிறவனுக்கு அவனுடையது மட்டும். இது எனக்குப் புரிய இன்னும் பத்து நாள் ஆனது.

10. நோட்டு. போனில் எழுதாதே, எண்ணெய்க் கையோடு போனை எடுக்க முடியாது, எடுத்தால் மேஸ்திரிக்கு நீ வாட்ஸ்அப் பார்ப்பதாகத் தோன்றும். சட்டைப் பையில் அடங்கும் நாற்பது பக்க நோட்டு போதும்.

எழுதுவதில் ஒரு பழக்கம் வைத்துக்கொள். 'இன்று என்ஜின் பற்றிக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினால் தாளுக்குக் கேடு. ஒரு எண் இருக்க வேண்டும்: எத்தனை மில்லிமீட்டர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எத்தனை ரூபாய். ஒரு சொல் இருக்க வேண்டும்: அங்கே அவர்கள் சொல்லும் பெயர். புத்தகம் மில்லிமீட்டரில் பேசும், பட்டறை நூலில் பேசும். 'ரெண்டு நூல் போல்ட்டு கொண்டா' என்றால் கால் அங்குலம். எட்டு நூல் ஒரு அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் 'தௌ' என்பார்கள். இது தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற என்ஜினியர்களை நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். அப்புறம் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அன்றைக்குப் புரியாதது. அந்தக் கேள்வியை உடனே கேட்காதே. இரண்டு நாள் நீயே முட்டிப்பார். மூன்றாம் நாள் டீ நேரத்தில் கேள். வேலைக்கு நடுவில் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. படம் போட வராவிட்டாலும் படம் போடு.

ஒரு மாதம் கழித்து அறிக்கை எழுத உட்காரும்போது, கூட வந்த மற்றவர்கள் கம்பெனியின் வலைத்தளத்தில் இருந்து வரலாற்றை எடுத்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். உன் அறிக்கை நோட்டிலேயே இருக்கும்.

11. உடைத்தால் சொல்லிவிடு. அதே திருச்சிப் பட்டறையில் ஒரு வார்ப்பில் மரை வெட்டும்போது டேப் உள்ளேயே முறிந்துவிட்டது. கூசிப்போய் அந்த வார்ப்பை மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். மூன்று நாள் கழித்து அடுத்த பிரிவில் ஒருவர் அதில் போல்ட் மாட்டப் போய், அது இறங்காமல், வார்ப்பு கழிவில் போனது. அவர் கவனிக்கவில்லை என்று அரைநாள் கூலியைப் பிடித்தார்கள். நான்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. அதற்குள் சம்பளம் போட்டாகிவிட்டது. அவருக்கு நாலு பிள்ளைகள். நான் அந்தப் பணத்தைக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. அதன் பிறகு அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

12. பாப்பா, உனக்குத் தனியாக. பட்டறைக்குப் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அப்பா கேட்டால், முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போ. கழிப்பறை இருக்கிறதா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ் எப்போது என்று அவரே பார்க்கட்டும். ஷால் வேண்டாம், சுழலும் மிஷினில் மாட்டும். பின்னலைச் சுருட்டிக் கட்டு, வளையலைக் கழற்று. இது ஆண் பிள்ளையின் கையில் கட்டியிருக்கும் சாமிக் கயிற்றுக்கும் பொருந்தும்.

யாராவது வரம்பு மீறினால், 'நான் இங்கே வேலையில் இல்லையே, பயிற்சிக்கு வந்தவள்தானே' என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதே. 2013-ம் வருஷச் சட்டத்தில் பயிற்சிக்கு வந்தவரும் ஊழியர் என்றுதான் எழுதியிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடமென்றால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் வீட்டில் சொல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என் வீட்டு அம்மாவிடம் வந்து சொல்.

13. மாங்கனித் திருவிழாவுக்கு லீவு கேட்காமல் மட்டம் போடாதே. கேட்டால் கொடுப்பார்கள். அவர்களும் போகிறவர்கள்தான்.

14. திரும்பி வந்த பிறகு ஒரு முறை போய்ப் பார். அரசுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாலும், வேறு துறைக்குப் போய்விட்டாலும் போ. நீ எழுதிய அறிக்கையில் ஒரு பிரதியை அவர்களிடம் கொடு. மேஸ்திரி படிக்க மாட்டார் என்று நினைக்காதே. அவர் மகள் படித்துக் காட்டும்.

15. இந்த வருஷம் துறைமுகத்துக்குப் போகப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பரீட்சை முடியும்போது என்ஜின் பிரிக்கும் வேலை பாதி முடிந்திருக்கும். கவலைப்படாதே, பூட்டும் வேலையில்தான் அதிகம் தெரியும். ஜூன் முதல் வாரம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு டீசல் ஏற்றுவார்கள், ஐஸ் ஏற்றுவார்கள், வலை ஏற்றுவார்கள். 14-ம் தேதி நள்ளிரவுக்கு மேல் படகெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அரசலாற்று முகத்துவாரத்தைத் தாண்டும். வீட்டில் சொல்லிவிட்டு வந்து கரையில் நில். நீ கழுவிக் கொடுத்த வால்வு எந்தப் படகில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் அதன் புகை என்ன நிறம் என்று பார்த்துவிட்டு, எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு.